கழற்றுவதற்கு முன் கேளுங்கள்

"கியர் பெட்டி போச்சாம். முழுசா இறக்கிப் பிரிச்சுச் செய்யணுமாம். 7,500 ரிங்கிட் கேக்கிறாங்க."

கடந்த ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை மாலை அப்பா இப்படிச் சொன்னபோது, அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் பேசவில்லை. அந்தப் பணம் எங்கள் வீட்டில் இல்லாமல் இல்லை. ஆனால், தங்கை பல்கலைக்கழகத்தில் சேரும்போது வேண்டும் என்று மூன்று ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த பணம் அது. அதை எடுத்தால்தான் வண்டி ஓடும், வண்டி ஓடினால்தான் வீடு ஓடும் என்ற நிலை.

அப்பா ரிங்லட்டில் காய்கறி ஏற்றி, மலையிறங்கி, தாப்பாவில் நெடுஞ்சாலையைப் பிடித்து ஈப்போவுக்குக் கொண்டு போகிறவர். வாரத்தில் ஐந்து நாள் இதே வேலை. வண்டி, பழையதாக வாங்கிய ஆட்டோ கியர் டீசல் பிக்அப். சில வாரங்களாக அது நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும்போதெல்லாம் நடுங்கியது. சாலையோரத்து அதிர்வுக் கோடுகள் மேல் சக்கரம் ஏறினால் ஒரு சத்தம் வருமே, அதுபோல இரண்டு மூன்று வினாடி நடுங்கும். பிறகு நின்றுவிடும். சிறிது நேரத்தில் மீண்டும் வரும்.

இந்த வண்டியின் கதையை நான் எழுதக் காரணம் இருக்கிறது. நான் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் வாகனத் தொழில்நுட்பம் படிக்கிறேன். மலேசியத் திறன் சான்றிதழின் (எஸ்.கே.எம்.) மூன்றாம் நிலை. வீட்டில் ஒரு வாகன மாணவன் இருந்தும் வண்டியை முதலில் தவறாகக் கணித்தது யார் தெரியுமா? நான்தான்.

என் 650 ரிங்கிட் பிழை

பட்டறைக்காரர் வாயைத் திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பே அப்பா என்னிடம் கேட்டார். "நீதான் படிக்கிறியே, என்னன்னு பாரு." அந்த மாதம்தான் எங்களுக்கு டீசல் இன்ஜெக்டர் பாடம் நடந்திருந்தது. ஓர் இன்ஜெக்டர் சரியாக எண்ணெய் பீய்ச்சாவிட்டால் என்ஜின் தடுமாறும், வண்டி அதிரும் என்று படித்திருந்தேன். வண்டியை ஒரு முறைகூட ஓட்டிப் பார்க்காமல், "இன்ஜெக்டர்தான்பா" என்றேன். அப்பா நம்பினார். கழற்றிச் சுத்தம் செய்ய 650 ரிங்கிட் கொடுத்தார். திங்கட்கிழமை காலை வண்டி அதே இடத்தில், அதே வேகத்தில், அதே மாதிரி நடுங்கியது.

அப்பா என்னைத் திட்டவில்லை. வேறொரு பட்டறைக்குப் போனார். அங்கே வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "கியர் பெட்டி போச்சு" என்றார்கள். அதுதான் அந்த வெள்ளிக்கிழமை.

இப்போது யோசித்துப் பார்த்தால், எனக்கும் அந்தப் பட்டறைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நான் அண்மையில் படித்ததைச் சொன்னேன். அவர்கள் வழக்கமாகச் செய்வதைச் சொன்னார்கள். வண்டி என்ன சொல்கிறது என்று இருவருமே கேட்கவில்லை.

"எப்போது?" என்ற கேள்வி

மறுநாள் சனிக்கிழமை. எங்கள் பயிற்றுநருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "வண்டியைக் கொண்டு வா. கூடவே ஒரு நோட்டும் பேனாவும் கொண்டு வா. ஸ்பேனரை நான் சொல்லும்போது எடுத்தால் போதும்" என்றார்.

வண்டியை அவர் ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் "எப்போது" என்றே தொடங்கின. குளிர்ந்த என்ஜினிலா, சூடான பிறகா? எந்த வேகத்தில்? எக்ஸலரேட்டரை மெதுவாக மிதிக்கும்போதா, அழுத்தி மிதிக்கும்போதா? மேட்டிலா, சமதளத்திலா? கியர் மாறும்போதா, மாறி முடிந்த பிறகா?

அரை மணி நேரத்தில் பக்கம் நிரம்பியது. குளிர்ந்திருக்கும்போது நடுக்கம் இல்லை. சூடான பிறகே வருகிறது. 75க்கும் 90க்கும் இடையில், சமதளத்தில், எக்ஸலரேட்டரை இலேசாக மிதித்து ஒரே வேகத்தில் போகும்போது மட்டும் வருகிறது. அழுத்தி மிதித்தால் போய்விடுகிறது. கியர் மாற்றங்கள் எல்லாம் மென்மையாக இருக்கின்றன. நிறுத்திய நிலையில் என் இலிருந்து டி க்கு மாற்றினால் தாமதமின்றிப் பிடிக்கிறது.

"இதைப் படித்துப் பார். இன்ஜெக்டர் கெட்டிருந்தால் அழுத்தி மிதிக்கும்போது நடுக்கம் குறையுமா, கூடுமா?" என்று கேட்டார்.

பாரம் ஏறினால் என்ஜின் தடுமாற்றம் பெரும்பாலும் கூடத்தான் வேண்டும். என் 650 ரிங்கிட் பிழைக்கான விடை அந்த நோட்டில் இருந்தது. கேட்டிருந்தால் முன்பே கிடைத்திருக்கும்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

இங்கே கொஞ்சம் பாடம் நடத்த அனுமதியுங்கள். இல்லையென்றால் அடுத்த சோதனையின் அழகு புரியாது.

கைக் கியர் வண்டியில் என்ஜினையும் கியர் பெட்டியையும் இணைப்பது கிளட்ச். ஆட்டோ கியர் வண்டிகள் பலவற்றில் அந்த இடத்தில் இருப்பது டார்க் கன்வர்ட்டர். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றில் மற்றதும் சுழலும் அல்லவா? காற்றுக்குப் பதில் எண்ணெய் என்று நினைத்துக்கொள்ளுங்கள். என்ஜின் சுழற்றும் பக்கம் பம்ப். கியர் பெட்டியைச் சுழற்றும் பக்கம் டர்பைன். இரண்டுக்கும் நடுவே ஸ்டேட்டர் என்ற மூன்றாவது சக்கரம் உண்டு. திரும்பி வரும் எண்ணெயின் திசையை அது மாற்றிவிடுவதால், வண்டி கிளம்பும்போது என்ஜினின் திருப்புவிசை ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. பாரம் ஏற்றிய பிக்அப் மலைச்சாலையில் நின்று கிளம்ப முடிவது இதனால்தான்.

ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905இல் இந்த ஏற்பாட்டுக்குக் காப்புரிமை பெற்றது கப்பல்களுக்காக. கார்களில் இது பரவலானது 1940களின் இறுதியில். 1948இல் பியூக் நிறுவனம் தன் டைனாஃப்ளோ கியர் பெட்டியில் இதைக் கொண்டுவந்தது. ஆனால் இதில் ஒரு குறை உண்டு. எண்ணெய் வழியே போகும் விசையில் எப்போதும் கொஞ்சம் சறுக்கல் இருக்கும். சறுக்கல் என்றால் வெப்பம், வீணாகும் எரிபொருள். எனவே சீரான வேகத்தில் போகும்போது பம்ப் பக்கத்தையும் டர்பைன் பக்கத்தையும் நேரடியாகப் பூட்டிவிட ஒரு கிளட்சை உள்ளே வைத்தார்கள். 1949இல் வந்த பக்கார்ட் நிறுவனத்தின் அல்ட்ராமேட்டிக்கிலேயே அது இருந்தது. இன்றைய ஆட்டோ பிக்அப்களில் கணினியே அந்தப் பூட்டைப் போட்டு எடுக்கிறது.

இப்போது என் நோட்டை மீண்டும் பாருங்கள். சூடான பிறகு, சமதளத்தில், இலேசான மிதியில், ஒரே வேகத்தில். பூட்டுக் கிளட்ச் பிடிக்கும் நேரம் அதுதான்!

காசு செலவில்லாத சோதனை

பயிற்றுநர் வாகனம் குறைந்த சமதளச் சாலையில் வண்டியை 80இல் நிறுத்தி வைத்தார். நடுக்கம் வந்தது. எக்ஸலரேட்டரை அசைக்காமல், பின்னால் எந்த வண்டியும் இல்லை என்று பார்த்துவிட்டு, இடது காலால் பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் தொட்டார். பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும். பிரேக் தொடப்பட்டது என்ற சமிக்ஞை வந்ததும் கணினி பூட்டை விடுவிக்கும். என்ஜின் சுழற்சி சட்டென்று இருநூறு சொச்சம் ஏறியது. நடுக்கம் கத்தியால் வெட்டியதுபோல் நின்றது. காலை எடுத்தார். பூட்டு விழுந்தது. நடுக்கம் திரும்பியது.

மூன்று முறை செய்தார். மூன்று முறையும் அதே விடை. (மாணவர்கள் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். அனுபவம் உள்ளவர் ஓட்ட, நீங்கள் கவனியுங்கள்.)

பிறகு பயிற்சி நிலையத்தில் ஸ்கேன் கருவியை மாட்டி மீண்டும் ஓட்டினோம். பிழைக் குறி எதுவும் இல்லை. "குறி இல்லையென்றால் பழுது இல்லை என்று நினைக்காதே. குறி இருந்தால் பழுது அதுதான் என்றும் நினைக்காதே" என்றார். எடுத்துக்காட்டாக, பி0741 என்ற குறி, பூட்டுக் கிளட்ச் எதிர்பார்த்தபடி பிடிக்கவில்லை என்றுதான் சொல்கிறது. கிளட்சின் உராய்வுப் பட்டை தேய்ந்ததா, சோலனாய்டு வால்வு மாட்டிக்கொண்டதா, எண்ணெய் அழுத்தம் போதவில்லையா, கம்பி அறுந்ததா என்று அது சொல்லாது. பி0700 அதைவிட மோசம். கியர் பெட்டியின் கணினி ஏதோ ஒரு குறையைப் பதிவு செய்திருக்கிறது, போய்ப் பார் என்பதற்கு மேல் அதில் செய்தி இல்லை.

குறியை விட்டுவிட்டு எண்களைப் பார்த்தோம். பூட்டு முழுமையாக விழுந்திருந்தால் என்ஜின் சுழற்சியும் டர்பைன் சுழற்சியும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். சில வண்டிகளில் சிறிதளவு சறுக்கலை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். அதுவும் நிலையாக இருக்கும். எங்கள் வண்டியில் வேறுபாடு நிலையாக இல்லை. பிடிக்கிறது, விடுகிறது, பிடிக்கிறது, விடுகிறது. கனமான நாற்காலியைத் தரையில் இழுக்கும்போது அது வழுக்கிக்கொண்டு வராமல் கிறீச்சிட்டுத் துள்ளித் துள்ளி வருமே, அதே கதை.

அடுத்து எண்ணெய். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டார். சிவப்பாக இருக்க வேண்டியது கரும்பழுப்பாக இருந்தது. கருகிய வாடை அடித்தது. இளஞ்சிவப்புப் பால்போல் இருந்திருந்தால் ரேடியேட்டரில் இருந்து தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். அப்படி இல்லை. கீழ்த்தட்டைக் கழற்றிக் காந்தங்களைப் பார்த்தோம். மெல்லிய சாம்பல் நிறப் பசை மட்டும் இருந்தது. அது வழக்கமான தேய்மானம். உலோகத் துணுக்குகள் இல்லை. கடைசியாக, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பிரேக்கை முழுதாக மிதித்து, டி யில் ஐந்து வினாடிக்கும் குறைவாக எக்ஸலரேட்டரை அழுத்தி என்ஜின் எவ்வளவு சுழல்கிறது என்று பார்த்தார். கையேட்டு அளவைவிட அதிகமாகச் சுழன்றால் உள்ளே கிளட்சுகள் வழுக்குகின்றன. குறைவாகச் சுழன்றால் என்ஜினில் வலு இல்லை, அல்லது ஸ்டேட்டர் கெட்டிருக்கிறது. எங்களுக்கு அளவு சரியாக இருந்தது.

ஆக, கியர் பெட்டியின் கிளட்சுகள் நன்றாக இருக்கின்றன. ஸ்டேட்டர் நன்றாக இருக்கிறது. சிக்கல் பூட்டுக் கிளட்ச் பிடிக்கும் இடத்தில். எண்ணெய் கெட்டிருக்கிறது. ஆட்டோ கியர் எண்ணெயில் கிளட்ச் மென்மையாகப் பிடிப்பதற்கென்றே சேர்மங்கள் கலந்திருக்கும். வெப்பத்தில் அவை வலுவிழந்தால் இந்த நடுக்கம் வரும்.

"எண்ணெயை மாற்றிப் பார்ப்போம். பட்டை கொஞ்சம் தேய்ந்திருக்கலாம். பிறகும் நடுங்கினால் கன்வர்ட்டரை மட்டும் மாற்றினால் போதும். கியர் பெட்டியைப் பிரிக்க இன்று காரணம் எதுவும் இல்லை" என்றார்.

ஒரு முறை வடித்தால் பல வண்டிகளில் பாதிக்கும் குறைவான எண்ணெய்தான் வெளியே வரும். மீதி கன்வர்ட்டருக்குள் தங்கிவிடும். இங்கே ஒரு சிறு கணிதம். ஒவ்வொரு முறையும் 40 விழுக்காடு புது எண்ணெய் போனால், மூன்று முறைக்குப் பிறகு பழைய எண்ணெய் எவ்வளவு மிஞ்சும்? 0.6ஐ மூன்று முறை பெருக்குங்கள். சுமார் 22 விழுக்காடு. அதனால் நடுவில் ஓட்டி ஓட்டி மூன்று முறை மாற்றினோம். நிறுவனம் குறிப்பிட்ட அதே வகை எண்ணெய். மொத்தம் 960 ரிங்கிட். இரண்டாவது முறையிலேயே நடுக்கம் குறைந்தது. மூன்றாவது முறைக்குப் பிறகு நின்றது. இந்தக் கட்டுரை எழுதும்வரை திரும்பவில்லை. ஒருநாள் திரும்பலாம். திரும்பினால் என்ன செய்ய வேண்டும் என்று இப்போது எங்களுக்குத் தெரியும்.

யார் மீது குற்றம்?

இந்தக் கதையைச் சொன்னதும் நண்பர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "அந்தப் பட்டறைக்காரன் ஏமாற்றப் பார்த்திருக்கிறான்." நான் அப்படி நினைக்கவில்லை.

அந்த முதலாளியின் இடத்தில் இருந்து பாருங்கள். நாங்கள் செய்த சோதனைக்கு அரை நாளுக்கு மேல் ஆனது. இரண்டு பேர் உழைப்பு, ஸ்கேன் கருவி, அனுபவம். இதற்கு ஒரு வாடிக்கையாளரிடம் 200 ரிங்கிட் கேட்டால் என்ன சொல்வோம்? "சும்மா ஓட்டிப் பாத்ததுக்கு 200 ஆ?" என்று கேட்போம். என் அப்பாவும் கேட்டிருப்பார். அவரே இதை ஒப்புக்கொண்டார். ஒரு பொருளை மாற்றினால் பழைய பொருளைக் கையில் கொடுத்துக் காசு வாங்கலாம். யோசித்ததற்குக் கையில் கொடுக்க என்ன இருக்கிறது? தவிர, எண்ணெய் மாற்றி நடுக்கம் நிற்காவிட்டால் பெயர் கெடுவது பட்டறைக்குத்தான். முழுசாகப் பிரித்துச் செய்தால் நடுக்கம் நிற்பது ஏறத்தாழ உறுதி. நாம் யோசனைக்குக் கூலி தர மறுப்பதால்தான் பட்டறைகள் பொருளை விற்கின்றன. 200 ரிங்கிட் மிச்சம் பிடிக்கப் போய் 7,500 ரிங்கிட்டுக்குத் தலையாட்டுகிறோம்.

ஆகவே என் முதல் கருத்து இது: பழுதைக் கண்டறிவதும் ஒரு வேலை. அதற்குத் தனியாகக் கூலி கேட்கும் பட்டறையை மதியுங்கள். பதிலுக்கு, "எந்தச் சோதனை செய்தீர்கள், என்ன எண் வந்தது?" என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இரண்டாவது கருத்து எங்களைப் போன்ற பயிற்சி மாணவர்களுக்கு. நாம் கழற்றி மாட்டுவதில் கெட்டிக்காரர்களாகப் பழகுகிறோம். யார் வேகமாகக் கழற்றுகிறார் என்று போட்டியும் வைக்கிறோம். பெயர் தெரியாத ஒரு பழுதைக் கொடுத்து, "எதையும் கழற்றாமல் இது என்னவென்று எழுது, ஏன் என்றும் எழுது" என்று சொல்லும் பயிற்சிகள் இன்னும் அதிகம் வேண்டும். ஸ்கேன் கருவியை மாட்டத் தெரிவது திறன் அல்ல. அது காட்டும் எண்ணை நம்பலாமா என்று கேட்கத் தெரிவதுதான் திறன்.

மூன்றாவது கருத்து, இடைநிலைப்பள்ளியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும். எஸ்.பி.எம். தேர்வில் புள்ளி குறைந்தால் போய்ச் சேரும் இடம் திறன் பயிற்சி என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. நான் சேர்ந்தபோது ஓர் உறவினர், "மூளைக்கு வேலை இல்லாத படிப்பு" என்றார். அந்தச் சனிக்கிழமையை அவர் பார்த்திருக்க வேண்டும். திரவ இயக்கம், உராய்வு, வெப்பம், விழுக்காடு, தர்க்கம் எல்லாம் ஒரு பிக்அப்பின் அடியில் மல்லாந்து கிடந்தபடி தேவைப்பட்டன. படிவம் 4 இயற்பியலில் எனக்குப் புரியாமல் போனவை அங்கேதான் புரிந்தன.

கூடையும் கணக்கும்

ஒரு உண்மையை விட்டுவிடக் கூடாது. எண்ணெய் ஏன் கருகியது? அப்பா "இன்னும் ரெண்டு கூடைதானே" என்று சொல்லிச் சொல்லி, ஏற்ற வேண்டியதைவிட அதிகம் ஏற்றிக்கொண்டு மலைச்சாலையில் ஓட்டியதால். பழையதாக வாங்கிய நாளில் இருந்து கியர் எண்ணெயை ஒரு முறைகூட மாற்றாததால். "ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்" என்று யாரோ சொன்னதை நம்பினோம். பாரமும் மலையும் உள்ள வண்டிக்கு அது பொருந்தாது. பயிற்றுநர் இதைச் சொன்னபோது அப்பா சிரித்தார். பிறகு தலைகுனிந்தார். இப்போது கூடைகளை எண்ணி ஏற்றுகிறார். கண்ணாடி ஓரத்தில் அடுத்த எண்ணெய் மாற்றத்துக்கான கிலோமீட்டரை எழுதி ஒட்டியிருக்கிறார்.

தங்கை செப்டம்பரில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். அவளை இறக்கிவிட அதே பிக்அப்பில்தான் போனோம். நெடுஞ்சாலையில் 80ஐத் தொட்டபோது நான்கு பேரும் பேச்சை நிறுத்திக் காது கொடுத்தோம். ஒன்றும் இல்லை. "ம்" என்றார் அப்பா.

என் நோட்டு இப்போதும் வண்டிப் பெட்டிக்குள் இருக்கிறது. முதல் பக்கத்தின் மேலே "எப்போது?" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். வீட்டில் குளிர்ச்சாதனமோ மோட்டார் சைக்கிளோ அடுத்த முறை கெட்டால், நீங்களும் ஒரு தாளை எடுத்து அந்தச் சொல்லை முதலில் எழுதிப் பாருங்கள். ஸ்பேனரைப் பிறகு எடுக்கலாம்.